பாதாளக் கரண்டியும் நம் பேரப்பிள்ளைகளும்

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த சனிக்கிழமை இரவு அது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது காற்றைக் கண்டு பயந்தோம். இந்த முறை தண்ணீரைக் கண்டு பயந்தோம். எங்கள் தெருவில் சனிக்கிழமை மாலையே மின்சாரம் போய்விட்டது.

வீட்டில் நான், என் மனைவி, மருமகள், பொறியியல் படிக்கும் பேரன், ஒன்பதாம் வகுப்புப் பேத்தி. மகன் வேலையாகச் சென்னை போனவன், ராத்திரி பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். ராத்திரி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் வீட்டிலிருந்த செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிவிட்டன. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பழைய பட்டன் போன். சார்ஜ் இருந்தது. முழங்கால் தண்ணீரில் அதை எடுத்துக்கொண்டு வந்து, "நம்பர் சொல்லுங்க, போடுறேன்" என்றார்.

பேரன் என்னைப் பார்த்தான். மருமகள் பேரனைப் பார்த்தாள். அவளுக்கு முதல் ஐந்து எண்கள் வந்தன, அதற்கு மேல் வரவில்லை. "நீ சொல்லுடா" என்றேன் பேரனிடம். "நான் அப்பான்னு போட்டு வச்சிருக்கேன் தாத்தா" என்றான்.

அடுக்களையிலிருந்து என் மனைவி பத்து எண்களையும் மூச்சு விடாமல் சொன்னாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலாவது முறை போட்டபோது லைன் கிடைத்தது. பஸ் திண்டிவனத்தோடு நின்றுவிட்டதாம், மகன் அங்கே ஒரு நண்பர் வீட்டில் பத்திரமாக இருந்தான். அன்றைக்கு அந்தப் பத்து எண் அவள் நாக்கில் இருந்திராவிட்டால் இன்னொரு பகலும் இரவும் நாங்கள் எப்படித் தவித்திருப்போம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கதை அத்தோடு முடியவில்லை. மோட்டார் ஓடாததால் மேல்தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நல்லவேளையாக எங்கள் பழைய வீட்டின் பின்கட்டில் கிணற்றை மூடாமல் வைத்திருக்கிறோம். குடிக்க முடியாது, ஆனால் கழுவ, துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற ஆகும். பேரன் தானே முன்வந்தான். பையன் சோம்பேறி இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வாளியில் கயிற்றைக் கட்டி இறக்கினான். அவன் போட்டது செருப்பு நாடாவுக்குப் போடும் முடிச்சு. வாளி நிரம்பியதும் முடிச்சு அவிழ்ந்து வாளி உள்ளே போய்விட்டது.

"பரவாயில்லை, பரண்மேல் பாதாளக் கரண்டி இருக்கும், எடுத்து வா" என்றேன்.

"எந்தக் கரண்டி தாத்தா? சாம்பார் கரண்டியா?"

நம் வயதுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வளையத்தில் கொத்தாக இரும்புக் கொக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டி கிணற்றுக்குள் விட்டு மெல்லத் துழாவினால் விழுந்த வாளியைக் கவ்விக்கொண்டு வரும். நம் சின்ன வயதில் தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கும். இரவல் கேட்க வருகிறவர்கள் வேறொரு பாத்திரத்தை அடையாளமாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப்போவார்கள். அரை மணி நேரம் துழாவி வாளியை எடுத்தோம். அவனுக்கு நழுவாத முடிச்சு ஒன்றைப் போடக் கற்றுக்கொடுத்தேன். இரண்டே நிமிடம்தான் ஆயிற்று. இரண்டு நிமிடத்தில் கற்றுத் தரக்கூடிய ஒன்றைப் பத்தொன்பது வருடமாக நான் கற்றுத் தரவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். செல்போனை எரிக்கச் சொல்லும் கிழவன் அல்ல நான். என் மகள் பாரீஸுக்கு அருகில் இருக்கிறாள். ஒரு காலத்தில் நீல விமான அஞ்சல் தாளில் நுணுக்கி நுணுக்கி எழுதி, பதிலுக்கு மூன்று வாரம் காத்திருந்தவர்கள் நாம். இன்று தினமும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறேன். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். போன வருடம் உயிர்வாழ் சான்றை வீட்டிலிருந்தே செல்போனில் முகத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டார். முன்பானால் அவரை நாற்காலியோடு ஆட்டோவில் தூக்கி ஏற்றியிருப்பார்கள். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா?

பழைய வேலைகள் எல்லாவற்றையும் இந்தப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆட்டுக்கல்லில் மாவரைக்க வேண்டாம். பம்ப் ஸ்டவ்வில் பின் குத்தத் தெரிய வேண்டாம். தந்தி வாசகத்தைக் காசுக்கு ஏற்றபடி சுருக்கும் கலையில் நம்மில் பலர் கெட்டிக்காரர்கள். 2013 ஜூலையில் தந்தியே போய்விட்டது, அந்தக் கலையும் அதோடு போகட்டும். அதற்காகக் கண்ணீர் விட மாட்டேன்.

என் பேரன் நல்ல வாயாடி. இதை அவனிடம் சொன்னபோது மடக்கினான். "ஒவ்வொரு தலைமுறையும் எதையாவது விட்டுட்டுத்தானே வருது தாத்தா? உங்க பாட்டிக்குத் தெரிஞ்சது எல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

என் அப்பாயிக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. ஆனால் கீழ்வாய் இலக்கம் முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, முந்திரி என்றால் முன்னூற்று இருபதில் ஒன்று. பெரிய மார்க்கெட்டில் மீன்காரி தட்டை நிமிர்த்துவதற்குள், முக்காலே அரைக்கால் வீசைக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். என்னையோ பிரெஞ்சுப் பள்ளியில் போட்டார்கள். 1954 நவம்பரில் கொடி மாறிய பிறகும் எங்களைப் போன்ற குடும்பங்களில் அந்தப் படிப்புக்குத்தான் மதிப்பு. லுவார், சேன், கரோன், ரோன் என்று பிரான்சின் ஆறுகளை வரிசையாக ஒப்பிப்பேன். நம் பக்கத்தில் ஓடும் சங்கராபரணி செஞ்சி மலைப் பக்கம் பிறக்கிறது என்பது எனக்கு உத்தியோகத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். அப்பாயியின் கணக்கை என் அப்பா பட்டிக்காட்டுக் கணக்கு என்றார். நானும் சிரித்தேன். அவள் போனபோது அந்தக் கணக்கும் எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டது. ஆகவே பேரன் சொன்னது உண்மைதான். இழந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அப்பாயியின் கணக்கை இழந்தபோது எனக்கு வேறொரு கணக்கு கிடைத்தது, அது என் தலைக்குள் வந்து உட்கார்ந்தது. பிரெஞ்சில் 97 என்று சொல்வதற்கே நாலு இருபது, அதோடு ஒரு பதினேழு என்று மனக்கணக்குப் போட வேண்டும்! தினமும் காலையில் ஆசிரியர் மேசையைத் தட்டுவார், நாங்கள் சிலேட்டில் விடையை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். டிக்தேயில் ஐந்து பிழை என்றால் பூஜ்யம். பெருக்கல் போட்டால் 'ப்ரேவ் பார் நேஃப்' செய்யாமல் விடமாட்டார். ஒன்பதால் சரிபார்ப்பது என்று தமிழில் சொல்லலாம். 347ஐ 26ஆல் பெருக்கினால் 9022. சரியா? 3, 4, 7 கூட்டினால் 14, அதைக் கூட்டினால் 5. 2, 6 கூட்டினால் 8. ஐந்து எட்டு நாற்பது, அதைக் கூட்டினால் 4. விடையில் 9, 0, 2, 2 கூட்டினால் 13, அதைக் கூட்டினால் 4. இரண்டும் ஒன்று, ஆகவே விடை சரியாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் ஆசிரியர் சொல்லச் சொல்வார். 9202 என்று எண்ணை இடம் மாற்றி எழுதினாலும் இந்தச் சோதனையில் தேறிவிடுமே! பொருந்தாவிட்டால் நிச்சயம் தப்பு, பொருந்தினாலும் முழுக்க நம்பிவிடாதே. அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா வேலை பார்த்தபோது எனக்குச் சோறு போட்ட பாடம் அதுதான்.

இன்றைக்கு நடப்பது அப்படி இல்லை. பேரப்பிள்ளைகளிடம் ஒரு திறமை போய், அந்த இடத்துக்கு இன்னொரு திறமை வரவில்லை. வந்திருப்பது ஒரு கருவி. கருவிக்குச் சார்ஜ் வேண்டும், சிக்னல் வேண்டும், மாதா மாதம் ரீசார்ஜ் வேண்டும். சொந்த வீட்டை விட்டு வேறொரு சொந்த வீட்டுக்குப் போனவர்கள் நாம். இவர்கள் சொந்த வீட்டைக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டுக்குக் குடிபோகிறார்கள். வாடகை வீடு வசதியாக இருக்கலாம், மார்பிள் தரையாகக்கூட இருக்கலாம். ஆனால் சாவி வேறொருவரிடம். பேரனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

வசதி போனால் கொஞ்சம் அவதி, அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கருவி தப்பாகச் சொல்லும்போது அது தப்பு என்று தெரியாமல் போவது. அதற்கு ஓர் உதாரணம், நானே கூட இருந்து பார்த்தது.

என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்த நண்பர் காலமாகி வெகு காலம் ஆகிறது. அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அடிப்படைத் தொகை 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலை நிவாரணம். மத்திய அரசு விதியைப் பின்பற்றும் நமக்கு 80 வயது நிறையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். 85 வயதில் 30 சதவீதம், 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் நூறு சதவீதம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவைகளுக்கும் இது உண்டு. தெரியாதவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாளுக்கு 82 வயது. ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது பேச்சுவாக்கில் தொகையைச் சொன்னார். என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. 20 சதவீதத்தைக் காணோம்!

அவருக்கு இரண்டு மகன்கள். ஒருவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, இன்னொருவர் வெளிநாட்டில். பெரியவரிடம் போனில் பேசினேன். "நான் மாசா மாசம் ஆப்ல செக் பண்றேன் அங்கிள், கரெக்டாத்தான் கிரெடிட் ஆகுது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வந்த பணம் வந்தது என்று அந்தத் திரை காட்டும். வரவேண்டிய பணம் எவ்வளவு என்பதை யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டுமே!

சம்பந்தப்பட்ட இடத்துக்கு அந்த அம்மாளை அழைத்துப் போனேன். கவுண்டரில் இருந்த இளைஞர் மரியாதையானவர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டத்துல வரலைங்க ஐயா" என்றார். "சிஸ்டத்தில் ஏன் வரவில்லை?" என்றேன். "அது தெரியலைங்க. வந்திருந்தா அதுவே போட்டிருக்கும்." விஷயம் இவ்வளவுதான். என்றோ ஒருநாள் பழைய கோப்பிலிருந்து விவரங்களைக் கணினியில் ஏற்றியவர்கள் இந்த அம்மாளின் பிறந்த தேதியை ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். தேதி இல்லாவிட்டால் இயந்திரத்துக்கு அவருக்கு வயதே ஆவதில்லை. எங்கள் காலத்தில் ஒருவர் பில் போட்டால் இன்னொருவர் சரிபார்த்துச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். இயந்திரம் போட்டதைச் சரிபார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

மனு கொடுக்க வேண்டும் என்று மகனிடம் சொன்னேன். அன்று மாலையே மூன்று பக்கம் அனுப்பினார். கம்ப்யூட்டரே எழுதித் தந்ததாம். ஆங்கிலம் அவ்வளவு அழகு! பணிவு, நன்றி, முதியோரின் மாண்பு எல்லாம் இருந்தன. ஓய்வூதியப் புத்தகத்தின் எண் இல்லை. எந்தத் தேதியிலிருந்து என்று இல்லை. எவ்வளவு பாக்கி என்றும் இல்லை. நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினேன். யார், எந்த எண், எந்தத் தேதியில் 80 நிறைந்தது, மாதத்துக்கு 1,800 வீதம் 26 மாதத்துக்கு 46,800 ரூபாய், அதன்மேல் அகவிலை நிவாரணம், இணைப்பாக வயதுச் சான்று. ஒரே பக்கம். நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டோம். நாலு மாதத்தில் பணம் முழுவதும் வந்தது. அந்த அம்மாள் போன் செய்து அழுதார். பணம் வந்ததற்காக அல்ல, "இது எனக்கு வரணும்னு எனக்கே தெரியாம இருந்துச்சே தம்பி" என்று.

நண்பர்களே, அந்த மகன்கள் நல்ல பிள்ளைகள். அம்மாவுக்கு மாதா மாதம் பணம் அனுப்புகிறவர்கள். பெரிய படிப்பு படித்தவர்கள். ஆனால் ஒரு சதவீதக் கணக்கும் ஒரு பக்க மனுவும் கைவசம் இல்லாததால் தாயின் உரிமை இரண்டு வருடத்துக்கு மேல் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு நான் போகாமல் இருந்திருந்தால் இன்றுவரை போய்க்கொண்டிருக்கும்.

சின்ன விஷயங்களும் இப்படித்தான். கடையில் 186 ரூபாய் பில். நான் 206 ரூபாய் கொடுத்தேன். கல்லாவில் இருந்த பையன் ஆறு ரூபாயைத் திருப்பித் தள்ளி, "இருநூறு போதுங்க" என்றான். "இருபதாகக் கொடுத்துவிடப்பா" என்றேன். என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு இயந்திரத்தில் தட்டினான். இருபது என்று வந்தது. அப்போதும் அவன் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் டச்சுக்காரர்கள் போட்ட திட்டத்தின்மேல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஊர். பூல்வாருக்கு உள்ளே சதுரங்கப் பலகைபோல் தெருக்கள். கடல் கிழக்கே. மிஷன் வீதியும் காந்தி வீதியும் வடக்கு தெற்கு. நேரு வீதியும் ரங்கப்பிள்ளை வீதியும் கிழக்கு மேற்கு. இந்த ஊரில் வழி தவற வேண்டுமானால் முயற்சி செய்துதான் தவற வேண்டும்! இங்கேயே பிறந்த என் பேரன் ரோமன் ரோலண்ட் நூலகத்திலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து வர செல்போன் வரைபடத்தைப் பார்க்கிறான். "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் திரையைத் திருப்பிப் பார்க்கிறான். பிறந்த ஊர் காலுக்குத் தெரியவில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்" என்று முடித்தால் எனக்கும் சௌகரியம், உங்களுக்கும் சௌகரியம். அப்படி முடிக்கப்போவதில்லை. இதில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் நாம்தான்.

நம்மைக் கிணற்றடிக்கு யார் அனுப்பினார்கள்? வீடு அனுப்பியது. ரேஷன் கடை வரிசையில், தபாலாபீசில், விறகுக் கடையில் நம்மை நிறுத்தியது யார்? வீடு. எனக்கு லுவார் ஆற்றைச் சொல்லித் தந்த பள்ளிக்கூடம் வாளிக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தரவில்லை. அப்பா தந்தார். நாம் பெற்றோர் ஆனபோது என்ன செய்தோம்? "நீ படி, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றோம். மகன் சைக்கிள் செயின் மாட்டப் போனால், கை கறையாகும், விடு என்றோம். கரண்ட் பில் கட்ட நாமே போனோம். மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் அவர்களிடம் கேட்கவில்லை. அவர்கள் வஞ்சனை இல்லாமல் மதிப்பெண்ணைக் கொடுத்தார்கள். பிறகு பேரக்குழந்தை சாப்பிட அடம் பிடித்தபோது அதன் கையில் செல்போனைக் கொடுத்ததும் நாம்தானே? இப்போது அது செல்போனை விட மாட்டேன் என்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்து புலம்புகிறோம்.

எல்லாம் தெரிந்தவர்கள் என்று மார்தட்டவும் நமக்கு யோக்கியதை இல்லை, முக்கியமாக ஆண்களுக்கு. சில வருடங்களுக்கு முன் என் மனைவி கண் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். டிகாக்ஷன் போடத் தெரியாமல், குக்கருக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று தெரியாமல் அடுக்களையில் நின்றவன் நான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எனக்கு வாடகை வீடு அவள்தான், சாவி அவள் கையில். அவளுக்கோ என் வங்கிக் கணக்கு எங்கே இருக்கிறது, காசோலையில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாது. நாற்பது வருடமாக நான் சொல்லித் தரவில்லை. நண்பரின் மனைவிக்குத் தன் உரிமைத்தொகை தெரியாமல் போனதற்கு மகன்களை மட்டும் குறை சொன்னேனே, உயிரோடு இருந்தபோது என் நண்பர் ஒரு நாளாவது தன் மனைவியை உட்கார வைத்து இதைச் சொல்லியிருப்பாரா? சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உங்களில் எத்தனை பேர் சொன்னீர்கள்?

எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் மூன்று கேள்விகள். மின்சாரம் மூன்று நாள் இல்லாவிட்டால் இது இல்லாமல் தவிப்போமா? இயந்திரம் தப்பு செய்தால் கண்டுபிடிக்க இது தேவையா? இது தெரியாததால் இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டிவருமா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அதைக் கற்றே ஆக வேண்டும். மூன்றுக்கும் இல்லை என்றால் ஆட்டுக்கல்லோடு சேர்த்து அதையும் ஓரமாக வைத்துவிடலாம்.

இந்த அளவுகோலை வைத்து என் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். எல்லோருக்கும் ஐந்து தொலைபேசி எண்கள் மனப்பாடம். வீட்டில் எப்போதும் சில்லறையாக இரண்டாயிரம் ரூபாய் ரொக்கம், புயல் அன்று கடைக்காரர் 'நெட் இல்லை, காசு கொடுங்க' என்று சொன்னதை மறக்கவில்லை. கடை பில் எது வந்தாலும் பேத்தி ஒருமுறை மனத்தால் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்க மனுவைக் கையால் எழுதப் பேரனுக்குத் தெரிய வேண்டும். மெயின் சுவிட்ச் எது, கேஸ் சிலிண்டரை எங்கே மூடுவது, தண்ணீர்க் குழாயின் வால்வு எங்கே என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். பேரன் சோறு வடிக்க வேண்டும், தாத்தாவும் வடிக்க வேண்டும். பாட்டி காசோலை எழுத வேண்டும். தெரியாததைத் தெரிந்தவர் சொல்லித் தர வேண்டும், கேலி செய்யக்கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முதல் மாதம் முணுமுணுத்தார்கள். இரண்டாவது மாதம் பேத்தி ஒரு மளிகை பில்லில் ஒரே பருப்பு இரண்டு முறை ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தாள். 142 ரூபாய். தானே கடைக்குப் போய், சண்டை போடாமல் பில்லைக் காட்டி வாங்கி வந்தாள். அந்த 142 ரூபாயை அவளிடமே கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து நான் சொல்லாமலே கூட்டிப் பார்க்கிறாள். பேரனுக்கு இப்போது ஒன்பதால் சரிபார்க்கத் தெரியும். அது ஏன் அப்படி வருகிறது என்று என்னிடம் விளக்கம் கேட்டான். எனக்குத் தெரியவில்லை, ஆசிரியர் சொன்னார், செய்தோம். அவன் தாளில் போட்டு எனக்கு விளக்கினான். பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று, நூறுக்கும் ஒன்று, ஆயிரத்துக்கும் ஒன்று, அதனால்தான் இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்றான். அறுபது வருடம் நான் பயன்படுத்திய ஒன்றின் காரணத்தை இருபது வயதுப் பையன் பத்து நிமிடத்தில் சொன்னான். இவர்களுக்கு மூளை மழுங்கிவிட்டது என்று பேசுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். மூளை இருக்கிறது. கொடுக்க வேண்டியதை நாம் கொடுக்கவில்லை.

நமக்கு நேரம் அதிகம் இல்லை. இருப்பதைச் சொல்லித் தந்துவிட்டுப் போவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேரனையோ பேத்தியையோ கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "செல்போனைப் பார்க்காமல் உன் அம்மா நம்பரைச் சொல்." தெரியாவிட்டால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துப் பத்து எண்ணையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். பிறகு உங்கள் மனைவியைக் கூப்பிட்டு ஓய்வூதியப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம் போதும்.

எங்கள் வீட்டுப் பாதாளக் கரண்டியைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டுக் கிணற்றடி ஆணியில் மாட்டியிருக்கிறேன். வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். அடையாளமாக ஒரு பாத்திரம் வைத்துவிட்டுப் போக வேண்டும், அந்த வழக்கத்தை மாற்றுவதாக இல்லை.